இரு நடுக்கங்களுக்கு இடையில் கட்ச்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலநடுக்கத்தைப் பற்றி எந்த ஊரில் பேசினாலும் பேச்சு முடிந்ததும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: "அடுத்தது எப்போது வரும்?" நியாயமான கேள்வி. கடன் வாங்கி வீடு கட்டியவரும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறவரும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு விடையாக ஒரு சராசரி எண் கிடைத்துவிட்டால், அதை நாட்காட்டியாக நம்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 'இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை' என்று யாராவது சொன்னால், 'அப்படியானால் நம் காலத்தில் இல்லை' என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு எப்படி, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். அதற்கு இந்தியாவில் கட்ச்சைவிடத் தெளிவான நிலப்பகுதி எனக்குத் தெரிந்து இல்லை.

கட்ச் குஜராத்தின் வடமேற்கு மூலை. 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரே மாவட்டம். வடக்கே பெரிய ரண், கிழக்கே சிறிய ரண், தெற்கே கட்ச் வளைகுடா. மழைக்காலத்தில் ரண் முழுவதும் தண்ணீர் நிற்கும். கோடையில் அதே இடம் வெள்ளை உப்புப் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்தச் சமவெளிக்கு நடுவே மேற்குக் கிழக்காக வரிசை வரிசையாகக் குன்றுகள். வரைபடத்தில் பார்த்தால் அந்தக் குன்றுகள் நேர்கோடுகளில் நிற்பது தெரியும். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஒரு பிளவு ஓடுகிறது. நகர் பார்கர் பிளவு, அல்லா பந்த் பிளவு, தீவு வரிசைப் பிளவு, கெடி பிளவு, தெற்கு வாகட் பிளவு, கட்ச் பெருநிலப் பிளவு, பூஜ் நகருக்குத் தெற்கே காட்ரோல் குன்றுப் பிளவு. இத்தனை பிளவுகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பது தற்செயல் அன்று.

கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இந்தப் பகுதியில் நிலம் இழுபட்டு, நீள நீளமாகப் பிளந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளங்களில் கடல் புகுந்தது. ஜுராசிக் காலத்து நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் படிவங்கள் இன்றும் கட்ச் குன்றுகளில் கிடைக்கின்றன. அன்று இழுவிசை உண்டாக்கிய அதே பிளவுகளை இன்று அழுத்தம் நெருக்குகிறது. இந்தியத் தட்டு வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டிருப்பதால் முன்பு கீழே சரிந்த பாறை இப்போது மேலே ஏறுகிறது. ஒருமுறை கிழிந்து தைத்த துணி, இழுத்தால் தைத்த இடத்தில்தான் மறுபடி விடும். கட்ச்சின் நிலமும் அப்படிப்பட்டது. தட்டின் விளிம்போ அங்கிருந்து முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவிகள் காட்டும் நகர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. இமயமலை அடிவாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கம் சேர்கிறது. அதோடு ஒப்பிட்டால் கட்ச் மிக மெதுவான நிலம். இந்த மெதுவும் நமக்கு ஒரு சிக்கல்தான். பிறகு அதற்கு வருகிறேன்.

வரலாற்றில் எவ்வளவு பின்னோக்கிப் போக முடியும்? பெரிய ரண்ணுக்குள் காதிர் என்றொரு தீவு. அதில்தான் தோலாவீரா, சிந்துவெளி நாகரிகத்தின் பெருநகரங்களுள் ஒன்று, இருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அதை அகழ்ந்த ஆர்.எஸ். பிஷ்ட், சுவர்கள் இடம்பெயர்ந்தும் சரிந்தும் கிடந்த விதத்தையும் அவை மறுபடி பலப்படுத்தப்பட்டதையும் கண்டு, நகரம் நிலநடுக்கத்தால் சேதப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது என்று கருதினார். நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சுவர் விலகலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்தத் தீவின் ஓரத்திலேயே ஒரு பிளவு ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஏடுகள் பேசத் தொடங்கும் காலம். ஏடுகளைக் கவனமாகக் கையாள வேண்டும். இந்திய நிலநடுக்கங்களின் முதல் பெரிய அட்டவணையைத் தொகுத்தவர் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்த தாமஸ் ஓல்டாம். அவர் மறைந்தபின் 1883-ல் அதை வெளியிட்டவர் அவர் மகன் ஆர்.டி. ஓல்டாம். நம் பழைய அட்டவணைகளில், கி.பி. 893-ல் சிந்துக் கழிமுகத்துத் துறைமுகமான தேபலை ஒரு நிலநடுக்கம் அழித்து, லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது என்ற குறிப்பு நெடுங்காலம் இருந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அரபு மூலங்களைத் திரும்பப் படித்தபோது, அந்த ஊர் சிந்துவில் இல்லை, ஆர்மீனியாவில் இருக்கிறது என்று கண்டார்கள். த்வின் என்ற நகரை அரபு எழுத்தாளர்கள் எழுதிய விதமும் தேபலை எழுதும் விதமும் நெருங்கியவை. ஆயிரம் ஆண்டுக் கணக்கில் நாம் வைத்திருக்கும் நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதில் ஒன்று வேறு நாட்டினுடையது என்றால் சராசரி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 1668-ல் சிந்துப் பகுதியில் ஓர் ஊர் பல்லாயிரம் வீடுகளுடன் மண்ணில் அமிழ்ந்ததாக ஔரங்கசீப் காலத்து ஏடு சொல்கிறது. அந்த ஊர் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆக, உறுதியான தரையில் கால் வைக்க நாம் 1819 வரை வரவேண்டும்.

1819 ஜூன் 16. மாலை ஏழு மணியை ஒட்டிய நேரம். அன்று கட்ச்சில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலக நிலவியல் வரலாற்றிலேயே அது தனி இடம் பெற்ற நிகழ்வு. பூஜ் நகரில் கோட்டைச் சுவர்கள் இடிந்தன, ஆயிரக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. அஞ்சார் சிதைந்தது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். தொலைவிலிருந்த அகமதாபாத்தில் ஜாமா மசூதியின் புகழ்பெற்ற ஆடும் மினார்கள் சரிந்தன. காத்மண்டு, கல்கத்தா, நம் புதுச்சேரி வரை அதிர்வு உணரப்பட்டதாக நிலவியலாளர் சார்லஸ் லையல் எழுதியிருக்கிறார். பழைய, குளிர்ந்த, இறுகிய பாறை அதிர்வை வெகுதூரம் கடத்தும். தீபகற்ப இந்தியா முழுவதும் அத்தகைய பாறைதான்.

ஆனால் லையலை ஈர்த்தது அதுவன்று. ரண்ணின் வடமேற்கில், சிந்துவின் கிழக்குக் கிளையான கோரி ஆற்றின் கரையில் சிந்திரி என்றொரு சிறு கோட்டை இருந்தது. கட்ச் அரசின் சுங்கச் சாவடி அது. நடுக்கத்தில் கோட்டை இடிந்து விழவில்லை. அது நின்ற நிலமே தாழ்ந்துபோனது. கடல்நீர் உள்ளே பாய்ந்து சில மணி நேரத்தில் அந்த இடம் ஏரியாயிற்று. காவல் வீரர்கள் ஒரு கோபுரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு, மறுநாள் படகில் மீட்கப்பட்டார்கள். விடிந்து பார்த்தால், சிந்திரிக்கு வடக்கே சில மைல் தொலைவில், நேற்றுவரை சமதரையாக இருந்த இடத்தில் ஒரு நீண்ட மேடு எழுந்து நின்றது. 80 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் 6 மீட்டர் வரை உயரம்.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் சிந்துவை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா அதே ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கட்ச்சுக்கு வந்த நீரை மறித்திருந்தார். நெல் விளைந்த நிலங்கள் உப்பரித்துப்போன கோபம் மக்கள் நெஞ்சில் இருந்தது. அந்த மனிதன் கட்டிய அணையிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்தப் புது மேட்டுக்கு 'அல்லா பந்த்', கடவுள் கட்டிய அணை, என்று பெயர் வைத்தார்கள். 1826-ல் சிந்துவில் பெருவெள்ளம் வந்தபோது மேலே மனிதர் கட்டிய அணைகளும் உடைந்தன, அல்லா பந்த்தும் அறுந்தது. வெள்ளம் வெட்டிய வாய்க்காலின் இருகரையிலும் மண்ணடுக்குகள் வெளிப்பட்டன. 1827-ல் அங்கே போன அலெக்சாண்டர் பர்ன்ஸ் அவற்றைப் பார்த்துக் குறித்தார். பூஜ் அரசவையில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் மக்மர்டோ அதற்கு முன்பே நடுக்கத்தைப் பற்றிய விவரங்களைச் சேர்த்து எழுதியிருந்தார். இவை லையலின் 'நிலவியல் கோட்பாடுகள்' நூலில் இடம்பெற்றன. நிலநடுக்கத்தின்போது நிலம் ஒரு கோட்டின் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழும் என்பதை நேரில் கண்டவர் சொல்லின் வழி உலகம் அறிந்த முதல் தெளிவான சான்றுகளுள் இது ஒன்று. நிலவியல் படிக்கும் நம் மாணவர்கள் சான் பிரான்சிஸ்கோவை அறிந்த அளவுக்குச் சிந்திரியை அறியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நூறாண்டு கழித்து, 1926-ல், ஆர்.டி. ஓல்டாம் முதுமையில் இந்த நடுக்கத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1897-ன் அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்தவர், பூமிக்கு உட்கரு உண்டு என்பதற்கு அலைப் பதிவுகளிலிருந்து சான்று காட்டியவர், அவர்தான். ரோஜர் பில்ஹாம் 1999-ல் பர்ன்ஸ் முதலானோரின் பழைய அளவைகளைக் கொண்டே கணக்கிட்டு, 1819 நடுக்கத்தின் அளவு 7.7-ஐ ஒட்டியது என்றார். வேறு கணிப்புகள் 8 வரை போகின்றன. கருவிகள் பிறக்காத காலத்து நிகழ்வை, ஆற்று வாய்க்காலின் சரிவை வைத்து அளந்த வேலை அது. குறிப்பெடுத்து வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது 1956 ஜூலை 21. இரவு ஒன்பது மணி அளவில் அஞ்சாரில் அளவு 6-ஐ ஒட்டிய நடுக்கம். 115 பேர் இறந்தார்கள். அளவு 7.7-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி ஆற்றலில் முந்நூறு மடங்குக்கு மேல். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு ஆகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆக, நிலவியல் கணக்கில் 1956 சிறியது. அஞ்சார் மக்களுக்கு அது சிறியதன்று. 1819-ல் சிதைந்த அதே ஊர், 137 ஆண்டுகளில் மறுபடி சிதைந்தது. மண் குழைத்து அடுக்கிய கல் சுவர், கனத்த கூரை, எதிரெதிர் வீடுகள் கைநீட்டித் தொடும் சந்துகள். அந்த ஊரில் கொல்வது எது என்பது 1956-ல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

45 ஆண்டுகள் கழித்து, 2001 ஜனவரி 26, குடியரசு நாள். காலை 8 மணி 46 நிமிடம். அஞ்சாரின் சந்துகளில் பள்ளிப் பிள்ளைகள் கொடி ஏந்தி ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இருபுறமும் இருந்த வீடுகள் அவர்கள் மேல் விழுந்தன. 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் இன்று அஞ்சாரில் இருக்கிறது. விடுமுறை நாள் என்பதால் பல ஊர்களில் வகுப்பறைகள் காலியாக இருந்தன, பிள்ளைகள் கொடியேற்றத்துக்காகத் திறந்த மைதானத்தில் நின்றார்கள். பல உயிர்கள் அதனால் பிழைத்தன. அஞ்சாரில் மட்டும் அந்த விழாவே அவர்களைச் சந்துக்குள் கொண்டுபோயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் 1956 நினைவுக்கு வருகிறது. அந்தச் சந்துகளை அகலப்படுத்த 45 ஆண்டுகள் இருந்தன.

அளவு 7.7. மையம் பச்சாவ் வட்டத்தில் சோபாரி என்ற ஊருக்கு அருகே, 20 கிலோமீட்டரை ஒட்டிய ஆழத்தில். பச்சாவ் நகரில் நிமிர்ந்து நின்ற கட்டடங்களை எண்ணிவிடலாம் என்ற நிலை. பூஜ் நகரில் அரசு மருத்துவமனையே இடிந்ததால், காயம்பட்டவர்களை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு முதல் நாள் விடை இல்லை. தொலைபேசி அறுந்ததால் கட்ச்சின் உண்மை நிலை உடனே வெளியே தெரியவில்லை, முதலில் வந்த செய்திகள் பெரும்பாலும் அகமதாபாத்தைப் பற்றியவை. மாநில அரசின் கணக்கில் இறந்தவர்கள் 13,805 பேர். காயமடைந்தவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். 1819-ஐத் தாங்கி நின்ற ஆயினா மகால் அரண்மனை இம்முறை பிளந்தது. கட்ச் அரசர்களின் சத்ரிகள், கல்லில் செதுக்கிய நினைவு மண்டபங்கள், நொறுங்கின. ரண்ணிலும் பன்னிப் புல்வெளியிலும் ஈர மணல் இளகிக் குழம்பாகி, நிலத்தைப் பிய்த்துக்கொண்டு நீரூற்றுகளாகப் பீறிட்டது. வறண்டு கிடந்த பழைய ஆற்றுத் தடங்களில் தண்ணீர் ஓடுவதைக் கண்டு, சரஸ்வதி திரும்பி வந்துவிட்டாள் என்று நம்பியவர்களும் உண்டு. காண்ட்லா துறைமுகத்தில் சுங்கக் கோபுரம் சாய்ந்தது. மண் அணைகள் பல வெடித்தும் சரிந்தும் போயின. அவை உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போகாததற்குக் காரணம், அப்போது இருந்த வறட்சி. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை. அதே நடுக்கம் நல்ல மழைக்குப் பின் வந்திருந்தால் இறந்தவர் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

நடுக்கம் நின்ற சில நாட்களில் உலகெங்கிலுமிருந்து நிலவியலாளர்கள் வந்தார்கள். 1819-ல் 80 கிலோமீட்டர் மேடு எழுந்த நிலம் இது. அதே அளவு நடுக்கம், ஆகவே புதிய மேடு எங்கே என்று தேடினார்கள். மன்பரா, கரோய் போன்ற ஊர்களில் விரிசல்கள் இருந்தன. ஆனால் ஆழத்தில் உடைந்த பிளவு மேற்பரப்பை எட்டவே இல்லை. நிலம் லேசாகப் புடைத்ததோடு சரி. 13,000 பேருக்கு மேல் கொன்ற பிளவு, தன் இருப்பிடத்தைக் காட்டும் ஒரு மேட்டைக்கூட விட்டுச் செல்லவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன்.

ஒரு நிலத்தின் நடுக்க வரலாற்றை எண்ண நம்மிடம் மூன்று வழிகள் உள்ளன. ஏடுகள், கருவிகள், மண். ஏடுகளின் நிலையைச் சொன்னேன். கருவிப் பதிவு நூறாண்டு சொச்சம்தான், கட்ச்சில் அடர்த்தியான கருவி வலை வந்தது 2001-க்குப் பிறகு. மிச்சம் இருப்பது மண். பிளவின் குறுக்கே அகழி தோண்டி, மண்ணடுக்குகள் எந்த உயரத்தில் வெட்டுண்டு நிற்கின்றன, இளகிய மணல் எந்த அடுக்கை ஊடுருவிக் கிடக்கிறது என்று பார்த்து, அந்த அடுக்குகளின் வயதைக் கண்டுபிடிப்பது. சி.பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் அல்லா பந்த் பகுதியில் இந்த வேலையைச் செய்தார்கள். 1819-க்கு முந்தைய பெருநடுக்கத்தின் தடயமாக அவர்கள் கண்டது 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரு பிளவு ஒருமுறை உடைந்தால் மறுபடி உடையும் அளவு அழுத்தம் சேரப் பல நூற்றாண்டுகள் ஆகும். மில்லிமீட்டரில் நகரும் நிலத்தில் அது இயல்பு.

அந்த ஆய்வு அச்சேறிய ஆண்டு 2001. அதே ஆண்டு ஜனவரியில்தான் பூஜ் நடுக்கம். இடைவெளி 182 ஆண்டுகள். அப்படியானால் ஆய்வு தவறா? ஒரு துளியும் இல்லை. 1819-ல் உடைந்தது ரண்ணின் வடமேற்கிலுள்ள அல்லா பந்த் பிளவு. 2001-ல் உடைந்தது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிழக்கே, வாகட் பகுதியின் அடியிலுள்ள வேறொரு பிளவு. 1956-க்குக் காரணமாகப் பேசப்படுவது காட்ரோல் குன்றுப் பக்கம். அல்லா பந்த்துக்கு ஆயிரம் ஆண்டு ஓய்வு என்பது சரிதான். அந்த ஓய்வுக் காலத்துக்குள் பக்கத்துப் பிளவுகளின் முறை வந்தது.

வடோதராவின் எம்.எஸ். பல்கலைக்கழக நிலவியலாளர்கள் காட்ரோல் குன்றுப் பிளவை நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். கடந்த 30,000 ஆண்டுகளில் அந்தப் பிளவு குறைந்தது மூன்று பெருநடுக்கங்களைத் தந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. சராசரி போட்டால் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்று. பூஜ்வாசி ஒருவர் இதைச் செய்தித்தாளில் படித்தால் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆனால் அவர் வீட்டைச் சுற்றி இருப்பது அந்த ஒரு பிளவு மட்டும் இல்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கில் நெடுந்தூக்கம் தூங்கும் பிளவுகள் ஏழெட்டு இருந்தால், அவர் ஊர் அதிர்வது ஏழெட்டுக் கணக்கும் சேர்ந்து. அதிலும் ஒன்று உடைந்தால் பக்கத்துப் பிளவுகளில் அழுத்தம் மாறும். சிலவற்றில் குறையும், சிலவற்றில் கூடும். 2001-க்குப் பின் சிறு நடுக்கங்கள் பழைய இடத்தில் மட்டும் நிற்காமல் வடக்கேயும் கிழக்கேயும் பரவின. 2006-ல் கெடி பிளவுப் பகுதியில் 5.5-ஐ ஒட்டிய நடுக்கங்கள் வந்தன. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத தனித்தனி நாட்காட்டிகள் என்று இவற்றைக் கொள்வதும் சரியாகாது.

இன்னொரு குறை, அகழி முறையிலேயே இருக்கிறது. அகழி காட்டுவது நிலத்தின் மேல்தோலைக் கிழித்த நடுக்கங்களை. 2001 போல் ஆழத்திலேயே உடைந்து நின்றுவிடும் நடுக்கத்தைப் பிளவின் குறுக்கே வெட்டிய அகழி காட்டாது. இளகிய மணலின் தடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அது நடந்ததாகவே தெரியாது. ஆகவே மண் தரும் எண்ணிக்கை எப்போதும் குறைந்தபட்ச எண்ணிக்கை. மெதுவான நிலத்தின் சிக்கல் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியிலும் இதே சிக்கல். 1811, 1812-ல் தட்டின் நடுவே பெருநடுக்கங்கள் வந்த பகுதி அது. அதை ஆராய்பவர்கள் கட்ச்சைத் தம் நிலத்தின் உறவாகக் கருதி வந்து பார்ப்பது அதனால்தான்.

குட்டன்பர்க், ரிக்டர் இருவரும் கண்ட விதி ஒன்று உண்டு. ஒரு பகுதியில் அளவு 5 நடுக்கம் ஒன்று வந்தால் அளவு 4 ஏறத்தாழப் பத்து வரும், அளவு 3 நூறு வரும். சின்னவற்றை எண்ணிப் பெரியது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று இதை வைத்துக் கணக்கிடலாம். பயனுள்ள விதி. ஆனால் பெருநடுக்கத்துக்குப் பின் வரும் பல்லாயிரம் பின்னதிர்வுகளைச் சேர்த்து எண்ணினால் ஒரு விடை, கழித்து எண்ணினால் வேறு விடை. கட்ச்சில் நம் கருவிகள் நன்றாகக் கேட்ட காலம் முழுவதும் 2001-ன் எதிரொலிக் காலம்.

கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் 475 ஆண்டு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகின் பல கட்டட விதிகளில் இது வரும். 475 ஆண்டு கழித்து வரும் நடுக்கம் என்று பொருளில்லை. ஒரு கட்டடம் 50 ஆண்டு நிற்கும் என்று கொண்டால், அந்த 50 ஆண்டுக்குள் இந்த அளவு அதிர்வு மிஞ்சப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். பத்தில் ஒன்று என்று சொன்னால் யாரும் கவலைப்படுவார்கள். 475 ஆண்டு என்று சொன்னால் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டும் ஒரே கணக்கு. நான் வகுப்பில் முதல் வடிவத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கட்ச் எந்த நாளும் பாதுகாப்பான பகுதியாகக் கருதப்பட்டதில்லை. 2001-க்கு முன்பே அது இந்திய நிலநடுக்க வரைபடத்தின் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் இருந்தது. இமயமலை, வடகிழக்கு, வடபீகார், அந்தமான் ஆகியவற்றை விட்டால் அந்த மண்டலத்தில் இருந்த ஒரே பகுதி கட்ச். கட்டட விதி நூல் 1962-லிருந்து அச்சில் இருக்கிறது. விதி இருந்தது, வரைபடம் இருந்தது, 1819-ன் வரலாறு உலகப் பாடநூல்களில் இருந்தது. கொத்தனார் கைக்கு அது போய்ச் சேரவில்லை. மையத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளியிருந்த அகமதாபாத்தில், பொறியாளர் கையெழுத்திட்ட அடுக்குமாடிகள் பல இடிந்து எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவற்றுள் பல, கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் விட்டு, மேலே சுவர் நிறைந்த மாடிகளை ஏற்றியவை. மேலே இறுக்கம், கீழே வெறுமை. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது முழுச் சுமையும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து நிற்கும்.

சென்னைக்காரர்கள் இதைத் தமக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவு நடுக்கம் வந்து சென்னை அதிர்ந்தது. 2002-ல் திருத்திய வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. கட்ச் வேறு, சென்னை வேறு, அந்த அளவு நடுக்கம் இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூண்மேல் நிற்கும் அடுக்குமாடிகள் எத்தனை தெருக்களில் நிற்கின்றன என்று நீங்களே வீட்டுக்குப் போகும் வழியில் பாருங்கள்.

கட்ச் திரும்பக் கட்டப்பட்ட விதத்தில் நாம் கற்க நிறைய இருக்கிறது. ஒப்பந்தக்காரரை வைத்து ஊர் ஊராகக் கட்டிக் கொடுப்பதைவிட, வீட்டுக்காரர்களிடமே தவணைத் தவணையாகப் பணம் கொடுத்து, ஒவ்வொரு தவணைக்கும் முன் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தரும் முறையைப் பெரிதும் பின்பற்றினார்கள். அடித்தளத்திலும், லிண்டல் மட்டத்திலும், கூரை மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை, மூலைகளில் நிமிர்ந்த கம்பி. ஆயிரக்கணக்கான கொத்தனார்கள் இதைக் கற்றார்கள். பூஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் ஆகிய நான்கு நகரங்களிலும் மனைகளைத் திரும்ப வகுத்துத் தெருக்களை அகலப்படுத்தினார்கள். பெரிய மனைக்காரரிடம் கூடுதல் பங்கு, சிறிய மனைக்காரரிடம் குறைந்த பங்கு நிலம் எடுத்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இருந்தும் செய்து முடித்தார்கள். இடிந்த மருத்துவமனை இருந்த இடத்தில் எழுந்த புதிய மருத்துவமனை, ஈயக் கரு வைத்த ரப்பர்த் தாங்கிகளின் மேல் நிற்கிறது. நிலம் ஆடினாலும் கட்டடம் அந்த ஆட்டத்தின் சிறு பங்கையே பெறும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நடுக்கம் நடந்த சில வாரங்களில் அமைந்தது. 2003-ல் அதற்கென்று சட்டமும் வந்தது. 2005-ல் நாட்டுக்கே வந்த சட்டத்துக்கு அது முன்னோடி.

பன்னிப் பகுதியில் 'பூங்கா' என்று அழைக்கும் மரபு வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டமான மண் சுவர், கூம்பு வடிவக் கூரை. முறையாகக் கட்டிப் பராமரித்த பூங்காக்கள் 2001-ல் பெரும்பாலும் நின்றன. வட்டச் சுவருக்கு மூலை இல்லை, மூலையில்லாத சுவர் எளிதில் பிரியாது. லேசான கூரை விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. அது 1819-க்குப் பிறகு பிறந்த வடிவம் என்று அங்கே சொல்வதுண்டு. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எட்டிய முடிவும், நாம் கணினியில் எட்டிய முடிவும் ஒன்றாக இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்றைய கட்ச் வேறு. 2001-க்குப் பின் அறிவித்த வரிச் சலுகையால் தொழிற்சாலைகள் குவிந்தன. முந்த்ராவில் நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையங்களுள் சில, பெருந்துறைமுகம். பிற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு 2001 ஒரு செய்தி மட்டுமே. அங்கேயே பிறந்த இருபது வயது இளைஞருக்கும் அப்படித்தான். 1819-ஐக் கண்டவர் யாரும் 1956-ல் உயிரோடு இருந்திருக்க முடியாது. 1956-ஐக் கண்டவர்கள் 2001-ல் இருந்தார்கள், ஆனாலும் சந்துகள் அப்படியே இருந்தன. அதனால் நினைவை நம்புவதைவிடக் கட்டட உரிமத்தையும், ஒவ்வொரு தளத்தின் சோதனையையும், பழைய கட்டடங்களைப் பலப்படுத்தும் செலவையும் நம்புவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் செலவுக்கு எந்த ஆண்டிலும் அவசரம் இருப்பதாகத் தோன்றாது. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

ஆய்விலும் வேலை மிச்சம் இருக்கிறது. காந்திநகரை அடுத்த ரைசணில் உள்ள நிலநடுக்க ஆய்வு நிறுவனம் கட்ச் முழுவதும் கருவிகளை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அல்லா பந்த் மேடு நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடப்பதால் அங்கே அகழி தோண்டுவது எளிதில்லை, அதன் ஒரு பகுதி அந்தப் பக்கம் போகிறது. பூஜ் நகருக்கு வடக்கே ஓடும் கட்ச் பெருநிலப் பிளவு இந்த வரிசையில் மிக நீளமானது. உறுதியாக அதன் பேரில் எழுதத்தக்க பெருநடுக்கம் ஒன்றுகூட ஏடுகளில் இல்லை. அது நீண்ட நாள் ஓய்விலிருக்கிறதா, நம் ஏடுகள்தான் குட்டையா என்பதை மண்ணைத் தோண்டித்தான் சொல்ல முடியும். ஏப்ரலில் ரண் காய்ந்தபின் அங்கே போய், உப்புக் காற்றில் நின்று, ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டிப் பார்க்கும் பொறுமையுள்ள இளைஞர்கள் அதற்கு வேண்டும். இந்த அரங்கில் நிலவியல் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் யாராவது போக விரும்பினால், பேச்சு முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று பேசுவோம்.